கப்பலுக்கு இல்லாத இராகுகாலம்

கொல்கத்தாத் துறைமுகம் கடலோரத்தில் இல்லை. ஹூக்ளி ஆற்றின் உள்ளே இருக்கின்றது. பாரக் கப்பல் கடலேற்றத்தில்தான் மணல்திட்டைத் தாண்டித் துறைக்கு வரமுடியும். வேளை தப்பினால் அடுத்த ஏற்றத்துக்குச் சுமார் 12½ மணி நேரம் காத்துக் கிடக்க வேண்டியதுதான். ஆதலால் இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் முன்கூட்டியே அச்சிடும் ஏற்றவற்ற அட்டவணையைப் பார்த்தே எந்தக் கப்பல் முந்தி, எது பிந்தி என்று ஏற்பாடு செய்கின்றார்கள்.

திங்கட்கிழமை காலை 8 மணிக்கு ஏற்றம் வந்தால்? அது 7½ முதல் 9 வரையுள்ள இராகுகாலமாயிற்றே! கப்பலை நிறுத்தி வைப்பார்களா? வைத்தால் நீர்தான் வடியும்.

“சந்திரன் கடலையே இழுக்கும்போது மனிதனை ஆட்டாதா?” என்பார் பஞ்சாங்கக்காரர். கடலை இழுப்பது மெய்யே. அந்தக் கணக்கை நீரில் அளவுகோல் நட்டு நாள்தோறும் சரிபார்க்கின்றார்கள். இராகுகாலத்தை எவர், எந்தக் கோல் கொண்டு அளந்தார்?

வில்லியனூர், பாகூர் கொம்யூன் தோழர்களே! கடலேற்றம் தினமும் சுமார் 50 நிமிஷம் பிந்துகின்றது. காலண்டரில் அச்சிட்ட இராகுகாலமோ திங்கள்தோறும் அதே ஏழரை! நாற்று வாடும்போதும், பிள்ளைத்தாய்ச்சி வலியெடுத்து ஆஸ்பத்திரிக்குப் புறப்படும்போதும் அந்த ஒன்றரை மணியைப் பார்த்து உட்கார்ந்திருக்கலாமா? சரக்கு மூட்டைக்குக் காட்டும் புத்தியை மனித உயிருக்குக் காட்டவேண்டாமா? யோசியுங்கள்!