விளையாட்டுப் பொருளா, வைப்புப் பணமா?

"எங்களுக்குத் துரோகம் செய்துவிட்டார்கள்" என்று ரொறன்ரோவிலிருந்து நண்பர் ஒருவர் தொலைபேசியில் பொருமினார். அது 2017ஆம் ஆண்டின் இறுதி. நம்மவர் வாயில் இச்சொல் வந்தால் அரசியல்தான் என்று எண்ணுவது வழக்கம். அவர் பேசியதோ டென்மார்க்கின் லெகோ நிறுவனம் செய்யும் விளையாட்டுக் கட்டைகளைப் பற்றி!

கதை இதுதான். 2008இல் லெகோ தாஜ் மகாலை 5,922 துண்டுகள் கொண்ட பெட்டியாக வெளியிட்டது. ஐக்கிய அமெரிக்காவில் அதன் விலை சுமார் 300 டொலர். பின்னர் உற்பத்தி நின்றது. திறக்கப்படாத பெட்டியின் விலை ஆயிரம் டொலரையும் தாண்டியது. நண்பரிடமும் ஒரு பெட்டி இருந்தது. பேரன் கேட்டபோதெல்லாம் "அது விளையாடுவதற்கு அல்ல" என்று சொல்லி நிலக்கீழறையில் பூட்டி வைத்தார். 2017இல் அதே தாஜ் மகால் சுமார் 370 டொலருக்கு மீண்டும் கடைக்கு வந்தது. துண்டுகள் 5,923. கூடுதலான அந்த ஒன்று, கட்டைகளைக் கழற்றும் சிறு கருவி. பழைய பெட்டியின் விலை சரிந்தது.

அதே ஆண்டில் ஸ்டார் வோர்ஸ் திரைப்படத்தின் மில்லேனியம் பல்கன் விண்கலமும் 7,541 துண்டுகளுடன் புதிய வடிவில் வந்தது. 2007இல் வந்த 5,197 துண்டுப் பெட்டியைப் பதுக்கியிருந்தோரும் புலம்பினர்.

நான் கேட்பது ஒன்றே. மீண்டும் வெளியிடமாட்டோம் என்று இவர்களுக்கு எவர் வாக்களித்தார்? அச்சு தங்கள் கையிலிருக்கும் வரை எந்நேரமும் மீண்டும் வார்க்கக்கூடிய பிளாஸ்டிக் துண்டு அது. பொன் அல்ல, காணியும் அல்ல. அதன் அருமை முழுவதும் இன்னொருவரின் தொழிற்சாலை எடுக்கும் முடிவில் தங்கியிருக்கிறது. இதை முதலீடு என்று அழைப்பதா, சூதாட்டம் என்று அழைப்பதா?

மொஸ்கோவின் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1987 முதல் 2015 வரை வெளிவந்த 2,300க்கும் மேற்பட்ட பெட்டிகளை ஆராய்ந்து, ஆண்டுக்குச் சராசரி 11 சதவீத இலாபம் என்று கண்டார்கள். இதைக் காட்டி வாதிடுவோர், அதே ஆய்வில் பெரும் நட்டமடைந்த பெட்டிகளும் உள்ளதை மட்டும் மறைத்துவிடுகிறார்கள்.

நான் அச்சு மையோடு வாழ்ந்தவன். அரிய நூலொன்று மறுபதிப்புக் காணும்போது பழைய பிரதியைப் பதுக்கியவர் முகம் சுளிப்பார், வாசகர் மகிழ்வார். முதற்பதிப்பை உண்மையாக நேசிப்பவருக்கோ அது என்றும் முதற்பதிப்புத்தான். மறுவெளியீட்டால் நட்டப்படுபவர் சேகரிப்பாளர் அல்லர். தட்டுப்பாட்டை விற்றுப் பிழைக்க நினைத்தவரே.

நிறுவனமும் புனிதரல்ல. "விரைவில் நிறுத்தப்படும்" என்ற அச்சம் விற்பனையைப் பெருக்குவதை அது அறியாததல்ல. பதுக்குபவர் வாங்கினாலும் பணம் பணமே. ஆயினும் ஆயிரம் டொலர் கொடுக்க இயலாத ஒரு பிள்ளைக்கு அப்பெட்டி கடை விலையில் கிடைப்பதைத் துரோகம் என்று சொல்ல என் நா எழவில்லை.

லெகோ என்ற பெயர் 'நன்றாக விளையாடு' என்று பொருள்படும் இரு டேனிஷ் சொற்களிலிருந்து பிறந்தது. நண்பரின் பேரன் இன்று விளையாடும் வயதைக் கடந்துவிட்டான். பெட்டி இன்னும் திறக்கப்படவில்லை. விலை மறுபடி ஏறும் என்று காத்திருக்கிறாராம்.