எங்கள் இருமல், உங்கள் ஆய்வு

காசநோயைப் பற்றித் தலையங்கம் எழுதினால், ‘சாதி ஒழிப்பு பேசுற பத்திரிகையில டாக்டர் வேலை எதுக்கு?’ என்று சிலர் கேட்கக்கூடும். கிருமிக்குச் சாதி தெரியாது. ஆனால் அது எந்த உடம்பில் தங்கிப் பெருகும் என்பதைச் சோறும் கூரையும் கூலியும்தான் முடிவு செய்கின்றன. இந்த மூன்றையும் இங்கே யார் எப்படிப் பங்கு போடுகிறார்கள் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1956இல் மெட்ராஸ் சேத்துப்பட்டில் காசநோய் மருந்தாய்வு மையம் தொடங்கப்பட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், மெட்ராஸ் அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் குழு எல்லாம் சேர்ந்து நடத்திய மையம். நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில். நல்ல சாப்பாடு, ஓய்வு. இன்னொரு பிரிவு நெரிசலான தங்கள் வீட்டிலேயே. இருக்கிற கஞ்சி, கிடைக்கிற வேலை. இரு பிரிவுக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்கு. 1959இல் முடிவு வெளியானது. குணமாவதில் பெரிய வித்தியாசம் இல்லை. வீட்டில் வைத்துப் பார்த்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாகத் தொற்றவும் இல்லை.

இது சாதாரண முடிவல்ல. நோயாளியை ஒதுக்கி வைப்பதே வைத்தியமாக இருந்த காலம் அது. மருந்து சாப்பிடுகிறவரை ஒதுக்க வேண்டியதில்லை என்று மெட்ராஸ் ஏழைகளின் நுரையீரல் உலகத்துக்கே நிரூபித்துக் காட்டியது. தனி டம்ளர் என்றால் என்னவென்று அறிந்த நமக்கு இதன் அருமை தெரியும். 1962இல் தொடங்கிய தேசிய காசநோய்த் திட்டம் வீட்டு வைத்தியத்தின் மேல்தான் நின்றது.

ஆனால் அதிகாரம் அதே முடிவை எப்படி வாசித்தது? மாத்திரை போதும், சோறு நம்ம பொறுப்பில்லை என்று வாசித்தது. ஆய்வு கேட்ட கேள்வி, வீட்டிலிருந்தபடி மருந்தால் நோய் குணமாகுமா என்பது. அரைவயிற்றுக் கஞ்சி குடிக்கும் வீட்டில் அடுத்து யார் படுப்பார்கள் என்பது வேறு கேள்வி. ஆய்வுக்கு உடம்பைக் கொடுத்தவர்கள் கேள்வியைத் தீர்மானிக்கிற இடத்திலும் உட்கார்ந்திருந்தால் அதைத்தான் முதலில் கேட்டிருப்பார்கள். ‘வெறும் வயித்துல மாத்திர போட்டா கொடலப் பொரட்டுது’ என்பது நம் சேரியில் எல்லோரும் சொல்லும் பேச்சுதானே! அது புலம்பல் அல்ல, ஆய்வுக்கான கேள்வி.

அந்தக் கேள்வியைக் கேட்க அறுபது வருஷம் ஆனது. 2019க்கும் 2022க்கும் இடையில் ஜார்க்கண்டில் ஓர் ஆய்வு நடந்தது. அதில் சேர்ந்தவர்களில் ஆதிவாசிகள் ஏராளம். சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கு கொண்டது. நோயாளிகள் எல்லோருக்கும் உணவுப் பொருள் கொடுத்தார்கள். ஒரு பிரிவில் மட்டும் வீட்டிலிருந்த மற்றவர்களுக்கும் ஆளுக்கு மாதம் 5 கிலோ அரிசி, 1.5 கிலோ பருப்பு. அந்த வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. 2023இல் முடிவு வெளியானது. அரிசியும் பருப்பும் தடுப்பு மருந்தாக வேலை செய்திருக்கின்றன! நடுவண் அரசோ 2018இல்தான் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் என்று ஆரம்பித்தது. 2024 நவம்பரில் அது 1000 ஆனது. ஒரு குடும்பம் ஒரு மாதம் நல்லபடி சாப்பிட ஆயிரம் ரூபாய் காணுமா?

பாதிக்கப்பட்டவர்கள் அறிவியலைக் கையில் எடுத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்னாப்பிரிக்காவைப் பாருங்கள். 1998இல் அங்கே ‘சிகிச்சைக்கான செயல் இயக்கம்’ உருவானது. எச்ஐவியோடு வாழ்ந்த ஏழைக் கறுப்பினப் பெண்கள் வைரஸ் எப்படி வேலை செய்கிறது, மருந்து எப்படித் தடுக்கிறது என்று படித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரர்களுக்குச் சொல்லிக் கொடுத்தார்கள். டாக்டர்களும் விஞ்ஞானிகளும் அவர்களோடு நின்றார்கள். தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்றாமல் தடுக்கும் நெவிரபின் மருந்தை அரசு கொடுத்தே ஆக வேண்டும் என்று 2002இல் அரசியல் சட்ட நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தெருவில் படித்த பாடம் நீதிமன்றத்தில் ஜெயித்தது.

இனி நம்ம ஊருக்கு வருவோம். திருவண்ணாமலையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுக அன்னதானம் நடக்கிறது. விடிந்ததும் எச்சில் இலையை அள்ளுவது யார் என்பதும் நமக்குத் தெரியும். சோறு போடுவது புண்ணியம் என்று இந்த ஊர் ஒப்புக்கொள்கிறது. சோறு கேட்பது உரிமை என்று ஒப்புக்கொள்ள மறுக்கிறது. இருமும் உடம்புக்குத் தர்மச் சோறு வேண்டாம். மாதாமாதம், மாத்திரையோடு சேர்த்து, கணக்கு வைத்துக் கொடுக்கும் சோறு வேண்டும்.

மாணவத் தோழர்களே, விடுமுறையில் சேரிக்குப் போகும்போது இந்த ஆய்வு முடிவுகளைத் தமிழில் எடுத்துப் போங்கள். திண்ணையில் உட்கார்ந்து படித்துக் காட்டுங்கள்; அவர்கள் திருப்பிக் கேட்பதை எழுதி வாங்குங்கள். 2022 முதல் தமிழ்நாட்டில் காசநோய் இறப்பில்லாத் திட்டம் நடக்கிறது. நோயாளியின் எடை, மூச்சு, தானாக எழுந்து நிற்கும் பலம் மூன்றையும் பார்த்து, ஆபத்தானவரை உடனே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்பது அதன் வழிமுறை. ‘எங்க ஆளுக்கு எடை பாத்தீங்களா?’ என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் நாலு பேராகப் போய்க் கேளுங்கள். கிராம சபையில் எழுந்து நின்று, வீட்டில் இருக்கிற எல்லோருக்கும் அரிசியும் பருப்பும் வேண்டும் என்று தீர்மானம் கேளுங்கள்.

ஆய்வுக்கு நம் சளியைக் கொடுத்தோம், ரத்தத்தைக் கொடுத்தோம். இனிக் கேள்வியையும் நாமே கொடுப்போம்.