பழுப்பேறிய டம்ளர்

இரண்டு கண்ணாடி டம்ளர்கள். ஒன்றில் நம் வீட்டுக் குழாய்த் தண்ணீர், மற்றதில் ஆர்.ஓ. தண்ணீர். கம்பிகள் நீட்டிய ஒரு கருவியை இரண்டிலும் இறக்கி ஸ்விட்சைப் போடுகிறார் விற்பனையாளர். கொஞ்ச நேரத்தில் குழாய்த் தண்ணீர் பழுப்பேறிக் கசடு மிதக்கிறது. ஆர்.ஓ. தண்ணீர் அப்படியே தெளிவாக நிற்கிறது. “இதைத்தான் இத்தனை நாளா பிள்ளைங்களுக்குக் குடுத்தீங்களாக்கா?” என்று கேட்டால் எந்தத் தாய்க்குத்தான் மனம் பதறாது?

அந்தப் பழுப்பு தண்ணீரில் இருந்த அழுக்கே இல்லை. கருவியின் இரும்புக் கம்பி கரைந்து உண்டான துரு அது. குழாய்த் தண்ணீரில் உப்புகள் இருப்பதால் மின்சாரம் பாய்கிறது, பாய்வதால் இரும்பு கரைகிறது. ஆர்.ஓ. தண்ணீரில் உப்பு மிகக் குறைவு. மின்சாரம் பாய வழியில்லை. அவருடைய ஆர்.ஓ. டம்ளரிலேயே ஒரு சிட்டிகை சமையல் உப்பைப் போட்டு மறுபடி கருவியை இறக்கச் சொல்லுங்கள். அதுவும் பழுப்பாகும்.

உப்புக்கு மட்டும் ஏன் இந்தக் குணம்? சமையல் உப்பில் சோடியம் நேர் மின்னூட்டத்தோடும் குளோரின் எதிர் மின்னூட்டத்தோடும் அயனிகளாக இறுகிக் கிடக்கின்றன. நீர் மூலக்கூறுக்கும் ஒரு பக்கம் லேசான நேர், மறு பக்கம் லேசான எதிர். அந்த மூலக்கூறுகள் அயனிகளைச் சூழ்ந்துகொண்டு ஒன்றையொன்று விட்டுப் பிரிக்கின்றன. மின்முனைகளை வைத்ததும் ஒரு வகை இந்தப் பக்கமும் மறு வகை அந்தப் பக்கமும் நகர்கின்றன. அந்த நகர்வுதான் தண்ணீருக்குள் ஓடும் மின்சாரம். சர்க்கரையும்தான் கரைகிறது. ஆனால் அதன் மூலக்கூறு உடையாமல், மின்னூட்டம் எதுவும் இல்லாமல் மிதக்கிறது. எத்தனை கரண்டி போட்டாலும் சர்க்கரை மின்சாரத்தைச் சுமக்காது.

இதைச் சொல்லி உலகை ஒப்புக்கொள்ள வைக்க ஓர் இளைஞர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஸ்வீடனின் ஸ்வாந்தே அர்ரீனியஸ் 1884இல் கரைசல்களின் மின்கடத்தலைப் பற்றி உப்சாலா பல்கலைக்கழகத்தில் ஆய்வேடு தந்தபோது, தேறினார் என்று சொல்லும் அளவுக்கு மட்டுமே தரம் கொடுத்தார்கள். மின்சாரம் பாய்ச்சுவதற்கு முன்பே, கரைந்த உப்பு அயனிகளாகப் பிரிந்து நிற்கிறது என்று 1887இல் அவர் தெளிவாக எழுதினார். கைவசம் நல்ல சான்றும் இருந்தது: நீரின் உறைநிலையைச் சர்க்கரை மூலக்கூறு ஒன்று தாழ்த்துவதைப் போல ஏறக்குறைய இரு மடங்கு தாழ்த்துகிறது சமையல் உப்பு. ஒன்று இரண்டாகப் பிரிந்தால்தானே அது நடக்கும்? 1903இல் வேதியியல் நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. இந்த வாதத்தின் எளிமை எனக்கு இன்றும் வியப்பு.

இப்போது பலர் வீட்டில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரும் இதே அயனிகளைத்தான் பார்க்கிறது. மின்கடத்தலை அளந்து, ஒரு காரணியால் பெருக்கி, எண்ணாகக் காட்டுகிறது. லிட்டருக்கு 500 மில்லிகிராம் வரை கரைந்த திடப்பொருள் ஏற்கத்தக்கது என்கிறது இந்தியத் தர நிர்ணயம். வேறு தண்ணீர் இல்லாத இடத்தில் 2000 வரை. ஆனால் அந்த எண்ணில் எந்த உப்பு எவ்வளவு என்று தெரியாது. ஃப்ளோரைடு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. தருமபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பல்லையும் எலும்பையும் அது கெடுத்ததால்தான் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டமே வந்தது. மீட்டர் 400 என்று காட்டும் தண்ணீரில் அது 3 மில்லிகிராம் இருந்தால் மீட்டருக்கு எப்படித் தெரியும்? மின்னூட்டமில்லாத பூச்சிமருந்து மூலக்கூறும், வயிற்றுப்போக்கு தரும் கிருமியும் அதன் கண்ணில் படுவதே இல்லை.

தண்ணீரின் மீது சந்தேகம் இருந்தால், குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகங்களில் கட்டணம் கட்டிச் சோதித்துக்கொள்ளலாம். ஃப்ளோரைடு, நைட்ரேட், கிருமி மூன்றையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். முடிவு கைக்கு வந்த பிறகு மெஷின் வேண்டுமா, எந்த மெஷின் என்று தீர்மானித்தால் போதும்.