நாட்டுடைமை ஆகாத புத்தகங்கள்

நண்பர் ஒருவரின் சிறுகதைத் தொகுப்பு முந்நூறு பிரதி அச்சாயிற்று. மூன்றாம் வாரமே அதன் பி.டி.எஃப். ஒரு வாட்ஸப் குழுவில் வந்து விழுந்தது. பகிர்ந்தவரைக் கேட்டோம். “நல்ல எழுத்து நாலு பேரைச் சேரட்டுமே தோழர்” என்றார். அவரிடம் கெட்ட எண்ணம் துளியும் இல்லை. அதுதான் சிக்கல்.

இந்த எண்ணத்துக்குத் தமிழில் ஒரு பூர்வகதை உண்டு. பாரதி பாடல்களை ஒலிப்பதிவு செய்யும் உரிமை ஒருகாலத்தில் ஏ.வி. மெய்யப்பச் செட்டியாரிடம் இருந்தது. மக்கள் கவிக்குத் தனியார் பூட்டா என்று குரல் எழுந்தது. 1949இல் ஓமந்தூரார் அரசு பாரதி எழுத்துகளின் உரிமையைப் பெற்றது. செட்டியார் பணம் வாங்காமல் விட்டுக்கொடுத்தார். கவிஞரின் குடும்பத்துக்கு அரசு பணம் கொடுத்தது. பின்னால் எத்தனையோ பேரின் நூல்கள் நாட்டுடைமையாயின. வாரிசுகளுக்கும் தொகை போய்ச் சேர்ந்தது. நமக்கு நாட்டுடைமை நினைவிருக்கிறது, தொகை மறந்துவிட்டது. தமிழில் எழுதியதெல்லாம் பொதுச்சொத்து என்றே பழகிவிட்டோம்.

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, எழுதியவரின் ஆயுளுக்கும் அதன்பின் 60 ஆண்டுகளுக்கும் உரிமை உண்டு. 2005இல் மறைந்த சுந்தர ராமசாமியின் எழுத்துக்கு 2065 முடியும்வரை. எங்கும் பதிவு செய்திருக்க வேண்டியதில்லை. எழுதிய கணமே உரிமை வந்துவிடுகிறது. மதிப்புரையில் மேற்கோள் காட்டவும் சொந்தப் படிப்புக்கும் சட்டமே இடம் விட்டிருக்கிறது. முழுப் புத்தகத்தை ஊருக்கு அனுப்புவது அந்தக் கணக்கில் வராது.

வாசகரை மட்டும் குறைசொல்லிப் பயனில்லை. பதிப்பாளரிடம் வாய்ப்பேச்சில் நூலைக் கொடுத்துவிட்டு, ‘கொடுத்தது கொடுத்ததுதான்’ என்று ஆயுள் முழுக்க இருந்துவிடும் எழுத்தாளர்கள் நம்மில் அதிகம். எழுத்தில் இல்லாத உரிமை மாற்றம் செல்லாது. எழுதிக் கொடுத்திருந்தாலும், காலம் குறிப்பிடாவிட்டால் ஐந்தே ஆண்டுதான். இதைச் சொன்னபோது மூத்த கவிஞர் ஒருவர் சிரித்தார். அவருடைய முதல் தொகுப்பு நாற்பது ஆண்டாக அப்படித்தான் கிடக்கிறது.

சிற்றிதழ்களாகிய நாமும் யோக்கியர்கள் இல்லை. லத்தீன் அமெரிக்கக் கதைகளை எத்தனை இதழ்கள் அனுமதி கேட்டு வெளியிட்டன? மொழிபெயர்ப்பும் மூல ஆசிரியரின் உரிமைதான். காசில்லை என்பது காரணம். ஒரு கடிதம் எழுதக் காசு தேவைப்பட்டதில்லை.

அடுத்த இதழ் முதல், மொழிபெயர்ப்பு அனுப்புகிறவர்கள் உரிமையாளரின் இசைவுக் கடிதத்தையும் இணைத்து அனுப்புங்கள். இங்கே வெளியாகும் ஒவ்வொரு படைப்பின் உரிமையும் எழுதியவருடையதே.