பூட்டின் மீது பழி. பெட்டகத்துக்குப் பொறுப்பாளி யார்?

கம்பெனியின் பெட்டகத்தைத் திருடன் உடைக்கிறான். உள்ளே இருந்தது கம்பெனியின் பணமல்ல. மக்களின் பெயர், பிறந்த தேதி, தொலைபேசி எண், பாஸ்வேர்டு என்னும் கடவுச்சொல். மறுநாள் கம்பெனி அறிக்கை விடுகிறது: “அன்பார்ந்த வாடிக்கையாளர்களே, உங்கள் பாஸ்வேர்டை உடனே மாற்றிக் கொள்ளுங்கள்!” பறிகொடுத்தவனுக்கு உபதேசம்; காவல் காக்கத் தவறியவனுக்கு மன்னிப்பு! இதுதான் இன்றைய இணைய உலகின் நியாயம்.

இந்த நியாயம் எவ்வளவு தூரம் போகும் என்பதற்கு அமெரிக்காவில் நடந்த ஒரு சம்பவமே போதும்.

கலிபோர்னியாவைச் சேர்ந்த ‘23 அண்ட் மீ’ என்ற கம்பெனி, மக்களின் எச்சிலைத் தபாலில் வாங்கி, மரபணுவைச் சோதித்து, “உன் முன்னோர் இன்னார், உன் சொந்தங்கள் இன்னின்னார்” என்று சொல்லும் தொழில் செய்து வந்தது. 2023 ஆம் ஆண்டில் அதன் வாடிக்கையாளர் கணக்குகளில் சுமார் 14,000 கணக்குகளுக்குள் திருடர்கள் புகுந்தனர். வேறு கம்பெனிகளிலிருந்து முன்பே திருடப்பட்ட பாஸ்வேர்டுகளை இங்கே ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார்கள். எல்லா இடத்துக்கும் ஒரே பாஸ்வேர்டு வைத்திருந்தவர்களின் கதவு திறந்து கொண்டது.

நுழைந்தது 14,000 கணக்குகளில். ஆனால் பறிபோனதோ ஏறத்தாழ 69 லட்சம் பேரின் விவரம்! ஒரு கணக்கைத் திறந்தால் அவருடைய சொந்தக்காரர்கள் என்று கம்பெனி காட்டும் நூற்றுக்கணக்கானவர்களின் விவரமும் தெரியும்படி ஏற்பாடு செய்து வைத்திருந்தது அந்தக் கம்பெனிதான். யூதர்கள் என்றும், சீன வம்சாவளியினர் என்றும் இனவாரியாகப் பட்டியல் போட்டு அந்த விவரங்களைத் திருடர்கள் விற்பனைக்கு வைத்தார்கள்.

வழக்கு வந்தது. கம்பெனியின் வக்கீல்கள் என்ன சொன்னார்கள்? பழைய பாஸ்வேர்டையே திரும்பப் பயன்படுத்திய வாடிக்கையாளர்களின் அஜாக்கிரதைதான் காரணம் என்ற பொருள்பட, பாதிக்கப்பட்டவர்களின் தரப்புக்கே கடிதம் எழுதினார்கள்!

வாதத்துக்காக அதை ஒப்புக்கொள்வோம். 14,000 பேர் அஜாக்கிரதையாக இருந்தார்கள். மிச்சமுள்ள 68 லட்சத்துச் சொச்சம் பேர் செய்த குற்றம் என்ன? அவர்களுடைய பாஸ்வேர்டு போகவில்லை. விவரம் மட்டும் போயிற்று. பாஸ்வேர்டோடு இரண்டாவது எண்ணையும் கேட்கும் இரட்டைப் பூட்டை எல்லோருக்கும் கட்டாயமாக்கக் கம்பெனிக்கு எப்போது புத்தி வந்தது? திருட்டு வெளியான பிறகு, 2023 நவம்பரில்! இங்கிலாந்தின் தகவல் ஆணையர் அலுவலகம் விசாரித்து, கம்பெனியின் பாதுகாப்பு போதாது என்று 2025 ஜூனில் 23 லட்சத்து 10 ஆயிரம் பவுண்டு அபராதம் விதித்தது.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2025 மார்ச்சில் அந்தக் கம்பெனி திவால் மனுப் போட்டது. பிறகு, அதை நிறுவியவர்களில் ஒருவர் நடத்தும் அமைப்பே 30 கோடியே 50 லட்சம் டாலருக்கு அதை வாங்கிக் கொண்டது. மக்களின் விவரத்தைக் காப்பாற்றும்போது அதற்கு மதிப்பில்லை. விற்கும்போது மட்டும் கோடிக்கணக்கில் விலை!

“பாஸ்வேர்டைக் காப்பாற்றுவது கம்பெனிக்கு முடியாத காரியமா?” என்று தோழர்கள் கேட்கலாம். முடியும். வழியும் நெடுநாளாகத் தெரிந்ததுதான். நெல்லை மாவாக அரைத்துவிட்டால் மாவிலிருந்து நெல்லைத் திரும்ப எடுக்க முடியாதல்லவா? அதுபோல, நீங்கள் கொடுக்கும் பாஸ்வேர்டைக் கணக்கு முறையால் அரைத்து, அந்த மாவை மட்டும் வைத்துக்கொண்டால் போதும். அடுத்த முறை நீங்கள் வரும்போது மீண்டும் அரைத்து, இரண்டு மாவும் ஒன்றா என்று பார்ப்பார்கள். ஒவ்வொருவரின் நெல்லோடும் வெவ்வேறு பொருளைக் கலந்து அரைத்தால் திருடனுக்கு வேலை பன்மடங்காகும். தொழில்துறையில் அதற்கு ‘உப்பு’ என்றே பெயர்.

ஆனால் நடந்தது என்ன? ‘ராக்யூ’ என்ற கம்பெனி 3 கோடியே 20 லட்சம் பாஸ்வேர்டுகளை அரைக்காமல் அப்படியே வைத்திருந்து 2009 இல் பறிகொடுத்தது. ‘லிங்க்ட்இன்’ உப்பில்லாமல் அரைத்தது. 2012 இல் திருடப்பட்ட அந்தச் சரக்கில் 11 கோடிக்கு மேற்பட்ட பாஸ்வேர்டுகள் இருந்தன என்பது 2016 இல் வெளிப்பட்டது. ‘யாஹூ’வில் 2013 இல் நடந்த திருட்டில் 300 கோடிக் கணக்குகளும் சிக்கின என்ற முழு உண்மை 2017 இல்தான் வெளியே வந்தது. வருஷக்கணக்கில் பூட்டு உடைந்தது தெரியாமலே மக்கள் கதவைச் சாத்திக்கொண்டு தூங்கினார்கள்! இப்படிப் பறிபோன பாஸ்வேர்டுகள்தான் மறுபடி மறுபடி அடுத்த கதவில் போட்டுப் பார்க்கப்படுகின்றன. ஆக, ஒரு கம்பெனியின் அலட்சியம் இன்னொரு கம்பெனியின் வாடிக்கையாளரைக் கொள்ளையடிக்கும் சாவியாகிறது.

தொழிலாளிக்கு இந்தக் கதை புதிதல்ல. இயந்திரத்தில் விரல் போனால் “உன் கவனக்குறைவு” என்று முதலாளி கைகழுவிய காலம் ஒன்று இருந்தது. 1923 ஆம் ஆண்டின் தொழிலாளர் நஷ்டஈட்டுச் சட்டம் வந்தபின், வெறும் கவனக்குறைவு என்று சொல்லி நஷ்டஈட்டைத் தட்டிக்கழிக்க முடியாது என்றாயிற்று. ஆபத்தான இயந்திரத்துக்கு வேலி போடுவது முதலாளியின் கடமை என்று 1948 ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் விதித்தது. தொழிலாளி கவனமாக இருக்க வேண்டும் என்பதை யாரும் மறுக்கவில்லை. ஆனால் வேலி போட வேண்டியவன் முதலாளி. அந்த நீதி இரும்பு இயந்திரத்துக்கு மட்டும்தானா? கணிப்பொறிக்கு இல்லையா?

நம் நாட்டில் நிலைமை என்ன? அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமுகமாகத் தீர்ப்பளித்தார்கள். ஆறு ஆண்டு கழித்து, 2023 இல், தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. 2025 நவம்பரில் விதிகள் வந்தன. கம்பெனிகளின் முக்கியக் கடமைகளுக்கு அதிலும் 18 மாத அவகாசம்!

காவல் காக்கத் தவறிய கம்பெனிக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்கிறது சட்டம். கேட்கக் காது குளிர்கிறது. ஆனால் அந்தப் பணம் போய்ச் சேருமிடம் சர்க்காரின் தொகுப்பு நிதி. பறிகொடுத்தவன் கைக்கு ஒரு காசு வராது. அலட்சியம் காட்டிய கம்பெனி பாதிக்கப்பட்டவருக்கு நஷ்டஈடு தரவேண்டும் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 43ஏ என்றொரு பிரிவு உண்டு. அதை நீக்கவும் இந்தச் சட்டமே வகை செய்கிறது! சர்க்கார் தான் விரும்பும் தன் அமைப்புகளுக்கு விலக்கு அளித்துக் கொள்ளவும் வழி உண்டு. அற்பமான புகார் கொடுத்தார் என்று தீர்மானித்தால் புகார் கொடுத்தவருக்கே 10,000 ரூபாய் வரை அபராதம்! உரலுக்கு ஒரு பக்கம் இடி, மத்தளத்துக்கு இரு பக்கமும் இடி. நமது குடிமகன் மத்தளமாக்கப்பட்டிருக்கிறான்.

எனவே நமது கோரிக்கை தெளிவாக இருக்க வேண்டும். பாதிக்கப்பட்டவருக்கே நஷ்டஈடு தரவேண்டும். பணமும் அந்தரங்கமும் புழங்கும் இடங்களில் இரட்டைப் பூட்டைக் கம்பெனியே கட்டாயமாகப் போடவேண்டும். சர்க்கார் இலாகாவானாலும் சலுகை கூடாது.

கோரிக்கை வெற்றி பெறும்வரை கதவைத் திறந்து போடலாமா? கூடாது. கிளைக் கூட்டங்களிலும், ஆலை வாயில்களிலும் தோழர்கள் எடுத்துச் சொல்ல வேண்டியவை சில உண்டு.

ஒரு பாஸ்வேர்டை இரண்டு இடத்தில் வைக்காதீர்கள். குறிப்பாக, மின்னஞ்சல், வங்கி, சேமநல நிதி இம்மூன்றுக்கும் தனித்தனியாக இருக்கட்டும். மின்னஞ்சல் போனால் மற்றதும் போகும். பாஸ்வேர்டை மாற்றும் கடிதம் அங்கேதான் வருகிறது. பெயரும் பிறந்த ஆண்டும் வேண்டாம். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத நான்கு சொற்களைக் கோர்த்து நீளமாக வையுங்கள். நினைவில் நிற்காவிட்டால் வீட்டில் ஒரு நோட்டில் எழுதிப் பெட்டியில் பூட்டி வைப்பது, எல்லாவற்றுக்கும் ஒன்றையே வைப்பதைவிட மேல். இரட்டைப் பூட்டு கிடைக்கும் இடத்திலெல்லாம் போடுங்கள். சேமநல நிதிப் பணம் எடுக்கக் கணினிக் கடைக்குப் போய்ப் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டு வரும் தோழர்கள், வேலை முடிந்ததும் அதை மாற்றிவிட வேண்டும். கைப்பேசிக்கு வரும் ஓ.டி.பி. எண்ணை வங்கி மேலாளர் என்று சொல்லிக்கொண்டு எவர் கேட்டாலும் சொல்லாதீர்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு உட்காராமல் அந்த நிமிஷமே 1930 என்ற எண்ணுக்குப் புகார் சொல்லுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு நாழிகையும் திருடனுக்கு லாபம்.

நம் வீட்டுப் பூட்டை நாம் பத்திரமாகப் பூட்டுவோம். அதைச் செய்துவிட்டு, பெட்டகத்தைத் திறந்து போட்டவனைப் பார்த்து, “நஷ்டஈடு எங்கே?” என்று கேட்போம். கேட்கும் குரல் ஒன்றாக இருந்தால் வக்கீல் கடிதம் தீர்ப்பாகாது. ஊமை வீட்டில்தான் திருடன் விளக்கேற்றிக்கொண்டு தேடுவான்.