எழுபது வயது அட்டையும் பழைய பாலிசியும்

‘எழுபது வயதானால் ஆயுஷ்மான் வய வந்தனா அட்டை, பெற்றோரின் தனியார் மருத்துவக் காப்பீட்டு பாலிசியை நிறுத்திவிடலாம்’ என்கிறார் ஒருவர். 2024 அக்டோபரில் வந்த இந்த அரசு இலவச சிகிச்சை அட்டைக்கு வருமான வரம்பு இல்லை, சரி. ஆனால் ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை என்பது தலைக்கு அல்ல. வீட்டில் எழுபதைத் தொட்ட எல்லோருக்கும் சேர்த்து. அப்பாவின் பைபாஸுக்குப் போக மிச்சம்தான் அம்மாவின் மூட்டுக்கு. அதுவும் திட்டத்தில் சேர்ந்த மருத்துவமனையில் அட்மிட் ஆனால்தான். மாதாமாதம் வாங்கும் சர்க்கரை மாத்திரைக்குச் சல்லிக்காசு பெயராது. (தனியார் பாலிசியும் பெரும்பாலும் இதில் கைவிரிப்பதுதான்.)

தனியார் பாலிசி இருப்பவரும் அட்டை வாங்கலாமே, எதற்கு நிறுத்த வேண்டும்? இரண்டில் ஒன்று என்ற நிபந்தனை சி.ஜி.எச்.எஸ். போன்ற அரசுத் திட்டங்களில் இருப்பவர்களுக்குத்தான். எழுபத்திரண்டு வயதில் பாலிசியை விட்டுவிட்டு மறுபடி புதிதாக எடுத்தால், பழைய நோய்களுக்கு மூன்று ஆண்டு வரை காத்திருக்கச் சொல்வார்கள். அதுவரை பில்லை யார் கட்டுவது, யோசனை சொன்னவரா?