ஏ.சி. போட்டா எம்.சி.பி. விழுதா? பெரிய எம்.சி.பி. மாத்தறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

சித்திரை வெயிலில் ராஜபாளையம் பெரியம்மா வீட்டுக்குப் போயிருந்தேன். ராத்திரி 10 மணிக்கு ஏ.சி. போட்டால், 11 மணிக்கெல்லாம் எம்.சி.பி. ‘டப்’பென்று விழும். தூக்கிவிட்டால் மறுபடி விழும். “16 ஆம்ப்ஸை எடுத்துட்டு 32 போட்டுடுறேன்மா, அப்புறம் விழவே விழாது” என்றார் வந்த எலெக்ட்ரீஷியன். பெரியம்மாவுக்கு சந்தோஷம். எனக்குத்தான் பக்கென்றது.

எம்.சி.பி. காப்பாற்றுவது ஏ.சி-யை அல்ல, சுவருக்குள் ஓடும் வயரை. அதே பழைய வயரில் 32 ஆம்ப்ஸ் போட்டால், வயர் உருகினாலும் எம்.சி.பி. சும்மா நிற்கும்.

சரி, ஏன் விழுகிறது? எம்.சி.பி-க்குள் இரண்டு உலோகங்கள் ஒட்டிய ஒரு பட்டை இருக்கிறது. கரன்ட் கூடினால் அது சூடாகி வளையும், லைனைத் துண்டிக்கும். வீட்டு எம்.சி.பி-க்களின் அளவு 30 டிகிரி சூட்டுக்குக் கணக்கிட்டது. நம்ம ஊர் மே மாதத்தில், மேற்குச் சுவரில் மூடிய பெட்டிக்குள் 30 டிகிரிக்கு எங்கே போவது? பட்டை ஏற்கெனவே சூடாக இருப்பதால் குறைந்த கரன்ட்டுக்கே வளைந்துவிடும்.

போதாக்குறைக்கு எம்.சி.பி-யே சூட்டைக் கக்கும். முழு லோடில் ஒரு 16 ஆம்ப்ஸ் எம்.சி.பி. 3.5 வாட் வரை வெளிவிடலாம் என்கிறது தர நிர்ணயம். 10 எம்.சி.பி-யை இடைவெளியே இல்லாமல் அடுக்கி, எல்லாமே முழு லோடில் ஓடினால் 35 வாட். அந்தக் காலத்து 40 வாட் குண்டு பல்பை பெட்டிக்குள் பூட்டி வைத்த மாதிரிதான்!

ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கிண்டும் ஒரு கடையின் பின்கட்டில், அடுப்புக்கு நேர் மேலேயே பேனல் போர்டு மாட்டியிருந்ததைப் பார்த்தேன். அங்கே டிரிப் ஆகாமல் இருந்தால்தான் ஆச்சர்யம். சத்திரப்பட்டி பக்கம் தறி ஓடும் வீடுகளில் இன்னொரு தலைவலி, பஞ்சுத் தூசி. பெட்டிக்குள் படிந்தால் சூடு வெளியேறாது, பொறி பட்டால் பற்றிக்கொள்ளும்.

ஆனால் நிஜமான வில்லன் லூஸான ஸ்க்ரூ. லூஸ் கனெக்‌ஷனில் கரன்ட் கூடுவதில்லை, அந்த இடம் மட்டும் கொதிக்கும். அதனால் பல நேரம் எம்.சி.பி. விழாமலேயே பெட்டி கருகும். கருகல் வாடை, பழுப்பேறிய பிளாஸ்டிக், ‘கிர்ர்’ சத்தம்... இதில் எது தெரிந்தாலும் மெயினை ஆஃப் செய்துவிட்டு ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களே திறக்காதீர்கள், ப்ளீஸ்.

“எங்க வீட்ல ஆர்.சி.சி.பி. இருக்கே” என்பவர்களுக்கு: அது கசியும் கரன்ட்டைப் பிடிக்கிற கருவி, வீட்டில் பெரும்பாலும் 30 மில்லி ஆம்பியர். ஓவர்லோடு அதற்குத் தெரியாது. இரண்டும் வேண்டும்.

பெரியம்மா வீட்டுக்கு வருவோம். வேறொரு எலெக்ட்ரீஷியன் மெயினை ஆஃப் செய்து பெட்டியைத் திறந்தார். ஏ.சி. லைன் ஸ்க்ரூ லூஸ், வயர் நுனி கருகியிருந்தது. அந்தச் சூடுதான் பட்டைக்கு ஏறியிருக்கிறது. நுனியை வெட்டி, புது 16 ஆம்ப்ஸ் போட்டு, நன்றாக முடுக்கி, பக்கத்து எம்.சி.பி-யிலிருந்து கொஞ்சம் தள்ளி மாட்டினார். பெட்டியை மூடித் தொங்கிய தினசரி காலண்டரும் வாசல் பக்கம் போய்விட்டது.

ஏ.சி. இப்போது விடிய விடிய ஓடுகிறது. கரன்ட் பில்லைப் பார்த்துவிட்டு பெரியம்மா எனக்குத்தான் போன் போட்டார்!